வெள்ளிக்கிழமை கழற்றாத டிஸ்க்

எங்கள் வீட்டின் முன்னறைதான் கடை. திருத்தணி பேருந்து நிலையத்திலிருந்து நடந்து வரும் தூரம். கல்யாணம், காதுகுத்து, புதுமனை, பதினாறாம் நாள் காரியம் என்று எந்தப் பத்திரிகையானாலும் தமிழிலும் தெலுங்கிலும் நானே அடித்து, பக்கம் கட்டி, அச்சிட்டுக் கொடுக்கிறேன். ஆந்திர எல்லைக்கு இப்பால் ஒரு வீடும் அப்பால் ஒரு வீடுமாகச் சம்பந்தம் செய்கிற ஊர் இது. இரண்டு மொழிக்கும் வேலை இருந்துகொண்டே இருக்கும்.

இந்த வேலைக்கு ஆதாரம் ஒரு பழைய கம்ப்யூட்டர், அதில் இருக்கும் ஒரு எழுத்து மென்பொருள். அதை எனக்குப் போட்டுக் கொடுத்தவர் தொழிலையே விட்டுவிட்டார். இன்னொரு மெஷினில் அதைப் புதிதாக ஏற்ற வழியில்லை. சென்ற வருடம் ஹார்ட் டிஸ்க் டக் டக்கென்று சத்தம் போட ஆரம்பித்தது. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு வாசல் தெளித்துக் கோலம் போட்டுத் திரும்பினாலும் திரை முழுதாகத் திறந்திருக்காது. புதிய டிஸ்க் வாங்கி, அதில் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றுவது மற்றவர்களுக்குச் சரி. எனக்கு அது மென்பொருளை இழப்பது. எனக்கிருந்த ஒரே வழி குளோன் செய்வது, அதாவது பழைய டிஸ்கில் உள்ளதை அப்படியே, பார்ட்டிஷன் எனும் உட்பகுதிகள் ஒவ்வொன்றாக, புதியதற்கு நகலெடுப்பது.

நான் எதையும் படித்துவிட்டுச் செய்கிறவள். ஒரு வாரம் படித்தேன். நகலெடுத்து முடிந்ததும் பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டு, புதியதை மட்டும் வைத்து மெஷினைப் போட வேண்டும் என்பதையும் படித்திருந்தேன். இரட்டைப் பிள்ளைகள் போல இரண்டும் ஒரே அடையாளத்தோடு உள்ளே இருந்தால் மெஷின் குழம்பிப்போகும்.

நகலெடுத்து முடிந்தது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். அதே நேரத்தில் என் அக்காவின் கணவர், நான் பாவா என்று கூப்பிடுகிறவர், பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அங்கே அவர்களுக்கு வீட்டிலேயே தறிகள். லுங்கி நெய்து விற்கிறார்கள். சரக்கு அறையில் கேமரா வைத்திருந்தார். அதன் பதிவுப் பெட்டிக்கு ஒரு டிஸ்க் வேண்டும் என்று என் பழையதை முன்பே கேட்டு வைத்திருந்தார். சத்தம் போடும் டிஸ்க் என்று சொன்னேன். "தறி போடாத சத்தமா?" என்றார்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டிலிருந்து எதையும் வெளியே கொடுப்பதில்லை. தயிருக்கு உறைகூடக் கிடையாது. கடை வேலைக்கு மட்டும் விலக்கு; அது வந்தவர்களின் பொருள், அவர்களோடு போகிறது. டிஸ்க் அப்படியில்லை, என் பொருள். அதைக் கழற்றி மேசையில் வைத்தால் அடுத்த நிமிடம் அது பாவாவின் பையில் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"இன்னைக்குக் கழட்ட மாட்டேன் பாவா. வெள்ளிக்கிழமை."

"கழட்டி வெச்சா எடுத்துகினு போயிடுவேன்னு பயமா?"

"ஆங். போன தடவ ஸ்டெபிலைசரை அப்படித்தான் எடுத்துகினு போனீங்க."

"அது கெட்டுப்போனதும்மா."

"நீங்க எடுத்துகினு போனப்புறம்தான் கெட்டுது."

காபி குடித்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினார். பழைய டிஸ்க் பெட்டிக்குள்ளேயே இருந்தது. எது முதலில் துவங்க வேண்டும் என்று சொல்லும் அமைப்பில் புதிய டிஸ்கின் பெயரை மேலே ஏற்றிவிட்டேன். அது போதும் என்று நினைத்தேன். மெஷினைப் போட்டேன். திறந்தது. அன்றைக்கு அது வேகமாகத் திறந்ததாகவே எனக்குப் பட்டது. மாலை ரயிலில் சென்னையிலிருந்து திரும்பிய என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவரும், "சூப்பரா கீதே" என்றார்.

மறுநாள் டிஸ்குகளின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். பெரிய டிஸ்க், அதாவது புதியது, மெஷின் தொடாமல் ஒதுக்கிவைத்த ஆஃப்லைன் நிலையில் இருந்தது. மெஷின் அதிலிருந்துதான் ஓடுகிறது என்ற நம்பிக்கையில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. நகலெடுத்ததில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து அதை ஆன்லைனுக்குக் கொண்டுவந்து, அதன் பார்ட்டிஷன்களுக்கு டி, இ என்று அடையாள எழுத்து கொடுத்தேன். கூடுதலாக வாங்கிய இடமெல்லாம் கடைசியில் சும்மா கிடந்தது. அதற்கும் என் வேலைப் பகுதிக்கும் நடுவில், பழுது நேர்ந்தால் மீட்பதற்கென்று இருக்கும் ஒரு சின்னப் பார்ட்டிஷன் குறுக்கே உட்கார்ந்திருந்ததால் இடத்தைச் சேர்க்க முடியவில்லை. அதைப் பொறுமையாகக் கடைசிக்கு நகர்த்தி, என் பகுதியை விரித்தேன். ஒரு மதியம் முழுவதும் போனது. எவ்வளவு திருப்தியாக இருந்தது என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. பழைய வீட்டில் குடியிருந்துகொண்டே புதிய வீட்டின் சுவரைத் தள்ளிக் கட்டியிருக்கிறேன். மெஷின் புதிய டிஸ்கில் கதவைத் தட்டி, பழைய டிஸ்குக்குள் நுழைந்து, அங்கேயே ஓடிக்கொண்டிருந்தது.

தினமும் சாயந்திரம் வேலைகளைப் பென்டிரைவில் நகல் எடுப்பது என் பழக்கம். அதையும் இனிப் புதிய டிஸ்கிலிருந்தே எடுக்க வேண்டும் என்று நானே மாற்றி வைத்தேன்.

அந்த வாரம் கடையில் இருந்தது ஒரே பெரிய வேலை. வெள்ளிக்கிழமை காலையிலேயே அதற்கு மணமக்கள் பெயரை மட்டும் அடித்து வைத்திருந்தேன். மாப்பிள்ளை வீடு உள்ளூர், பெண் வீடு நகரிக்கு அந்தப் பக்கம். ஒரே பத்திரிகையில் ஒரு பக்கம் தமிழ், எதிர்ப்பக்கம் தெலுங்கு. இரண்டு சம்பந்திகளும் என் எதிரில் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். தகராறு பெயர் வரிசையில் வந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா பெயர் முதலிலா, பெண்ணின் தாய்மாமன் பெயர் முதலிலா? பெரியப்பாதான் மாப்பிள்ளையைப் படிக்க வைத்தவர். தாய்மாமன்தான் இந்தச் சம்பந்தத்தையே கொண்டுவந்தவர்.

"எங்க அண்ணன் பேரு கீழ வந்தா எங்க வீட்டுல அடுப்பு எரியாதுங்க" என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார்.

"எங்க பாமர்தி, அதான் மச்சான், அவரு பேரு கீழ வந்தா எங்க வீட்டுல பொண்ணே கிளம்பாதுங்க" என்றார் பெண்ணின் தகப்பனார்.

தினமும் வந்தார்கள். தினமும் திருத்தினேன். ஒருநாள் மாப்பிள்ளையின் தகப்பனார் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கியே விட்டார். பெண்ணின் தகப்பனார் பின்னாலேயே போய்த் தெருமுனையில் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்து அழைத்துவந்தார். கடைசியில் புதன்கிழமை ஒரு வழி பிறந்தது. இரண்டு பெயர்களும் ஒரே வரியில், ஒரே அளவில். தமிழ்ப் பக்கத்தில் பெரியப்பா இடப்புறம், தாய்மாமன் வலப்புறம். தெலுங்குப் பக்கத்தில் தாய்மாமன் இடப்புறம், பெரியப்பா வலப்புறம். அதை ஒட்டி அத்தைகள், சித்தப்பாக்கள், ஊர்ப் பெயர், படிப்பு, உத்தியோகம் எல்லாம் இரண்டு பக்கத்திலும் புதிதாக இடம்பிடித்தன. இருவரும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையில் விரல் வைத்து வரிவரியாகப் படித்தார்கள்.

"சரிங்க" என்றார் ஒருவர். "சரிங்க" என்றார் மற்றவர். "ஆனா இன்னொரு தடவ இதுக்குன்னு என்ன உட்கார வெக்காதீங்க. உட்கார வெச்சா எழுந்து நேரா வூட்டுக்குப் போயிடுவேன். கல்யாணமும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

ஒரு பிரதி எடுத்துத் தரட்டுமா என்றேன். வேண்டாம் என்றார்கள். முதலில் அச்சாகும் பிரதிக்கு மஞ்சள் தடவி மலைமேல் சாமி காலடியில் வைக்க வேண்டும். அதற்கு முன் காகிதத்தில் எதுவும் அச்சாகக்கூடாது. கையால் எழுதித் திருத்திய பழைய தாள்களை அங்கேயே கிழித்துப் போடச் சொன்னார்கள். போனில் அனுப்பட்டுமா என்றேன்.

"ஐயோ, போன்ல வேணாம்மா" என்றார் பெண்ணின் தகப்பனார். "ஒருத்தன் கையில போனா குரூப்புல போயிடும். அப்புறம் ஊரே திருத்தும்."

வெள்ளிக்கிழமை சாயந்திரம் நல்ல நேரம். அப்போது வந்து, எதிரில் நின்று அச்சடிப்பது என்று முடிவானது.

வியாழக்கிழமை மதியம் பாவா மறுபடி வந்தார். மெஷினை நிறுத்தி, பழைய டிஸ்கைக் கழற்றி, அவர் கையிலேயே கொடுத்தேன். சந்தோஷமாகப் பையில் போட்டுக்கொண்டு போனார். அவர் தெரு திரும்பியிருப்பார், நான் சுவிட்சைப் போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள். துவங்குவதற்கு வேண்டியது கிடைக்கவில்லை என்றது.

இதற்கும் படித்து வைத்திருந்தேன். பழுது பார்க்கும் பென்டிரைவைப் போட்டு, அதிலிருந்து மெஷினைத் துவக்கி, புதிய டிஸ்கில் எந்தப் பார்ட்டிஷனில் சிஸ்டம் இருக்கிறது என்று ஒவ்வொன்றின் அளவையும் பார்த்து உறுதிசெய்துகொண்டு, துவக்கக் கோப்புகளைப் புதிதாக எழுதினேன். மெஷினைத் திரும்பப் போட்டேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. உண்மையான வேகம் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. தெரிந்த அதே கணத்தில் ஒரு கேள்வியும் வந்தது. இதுதான் வேகம் என்றால் ஒரு வாரமாக ஓடியது எது?

பத்திரிகைக் கோப்பைத் திறந்தேன். இருந்தது. போன வெள்ளிக்கிழமை காலையில் இருந்த நிலையில் இருந்தது. மேலே பிள்ளையார் சுழி, மணமக்கள் பெயர், அதற்குக் கீழே காலி. பென்டிரைவைப் பார்த்தேன். அதிலும் அதே காலி, ஒவ்வொரு நாளும் தவறாமல் எடுத்த நகலாக. ஒரு வாரத்து வேலை முழுவதும் பாவாவின் பையில் பொதட்டூர்பேட்டைக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பதிவுப் பெட்டி எப்படிப்பட்டது என்பதும் தெரியும். டிஸ்கை உள்ளே வைத்தால் முதல் வேலையாக அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் பதிவைத் தொடங்கும்.

நினைவிலிருந்து அடித்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அந்த ஒரு வரி நினைவிருந்தது. கீழே வந்த பெயர்களில் எந்த அத்தை எந்தச் சித்தப்பாவுக்கு மேலே என்பது இல்லை. ஒன்று மாறினாலும் இரண்டு வீடும் மறுபடி என் நாற்காலிகளில் உட்கார வேண்டும். ஒருவர் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஒரு பெண்ணின் கல்யாணம் என் கைத்தவறில் ஆடிக்கொண்டிருந்தது.

பாவாவுக்குப் போன் செய்தேன். பஸ் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. பல முறை போட்டும் எடுக்கவில்லை. கடைசியில் விளக்கு வைக்கும் நேரத்தில் அக்கா எடுத்தாள்.

"அக்கா, அந்த டிஸ்கை பாவா பொட்டியில மாட்டிட்டாரா?"

"எங்க மாட்ட உட்டேன்? தங்கச்சி வூட்டுல இருந்து ஒரு பொருள் வருது, வந்ததும் வராததுமா எடுத்து மாட்டறதா? மஞ்சள் குங்குமம் வெச்சு சாமி மாடத்துல வெச்சிருக்கேன். நாளைக்கு வெள்ளிக்கிழமை, பூஜை ஆனதும் மாட்டிக்கட்டும்னேன். உங்க பாவா கத்திகினு கீறாரு."

நான் அழுதுவிட்டேன். என்னடி என்னடி என்று அவள் பதற, விஷயத்தைச் சொன்னேன். மாட்ட விடமாட்டேன் என்று சத்தியம் செய்தாள். இப்போதே வீட்டுக்காரரை அனுப்புகிறேன், கொடுத்துவிடு என்றேன்.

"விளக்கு வெச்சாச்சேடி" என்றாள். "எப்பிடிக் குடுக்கறது?"

"காலையில?"

"காலையில வெள்ளிக்கிழமை."

போன வெள்ளிக்கிழமை நான் பாவாவிடம் சொன்ன அதே வார்த்தை. அவள் வீம்பு பிடிக்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் இடத்தில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அப்போது பின்னாலிருந்து பாவாவின் குரல் கேட்டது.

"வெளிய போகத்தான கூடாது? உள்ள வரலாமில்ல? அவளோட பொட்டியை இங்க எடுத்துகினு வரச் சொல்லு!"

வெள்ளிக்கிழமை காலை, மானிட்டரை விட்டுவிட்டு, சிபியுவை மட்டும் ஒரு பழைய போர்வையில் சுற்றி, டிஸ்கை வெளியிலிருந்து இணைக்கும் கேபிளைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். என் வீட்டிலிருந்து வெள்ளிக்கிழமை இது வெளியே போகலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். கொடுக்கவில்லை, என்னோடு வந்து என்னோடு திரும்புகிறது என்றேன். கண்டக்டர் போர்வையைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இன்னாம்மா அது?"

"கம்ப்யூட்டர்."

"பொம்பளைங்களுக்கு ஃப்ரீ. இது ஆம்பளையா, பொம்பளையா?"

"மடியில உக்காந்துகினு வருது. கொழந்தைன்னு வெச்சுக்கங்க."

பஸ்ஸே சிரித்தது. சிரித்துவிட்டு, பக்கத்திலிருந்த பெண்மணி என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். குலுங்கும் இடங்களில் என்னோடு சேர்ந்து அவரும் பெட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தார். எங்கே இறங்கினார் என்று பார்க்கவில்லை. நன்றி சொன்னேனா என்பதும் நினைவில்லை.

அக்கா வீட்டில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. மெஷினைக் கேமராவுக்கான திரையோடு இணைத்ததும் அக்கா போய் எல்லாத் தறிகளையும் நிறுத்தச் சொன்னாள். கரண்டு ஏறி இறங்கினால் உன் டிஸ்குக்கு ஆகாதே என்றாள். அன்று சாயந்திரத்துக்குள் நெய்து முடிக்க வேண்டிய பாவு நூல் தறியில் இருந்தது. அதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவள் பார்க்காதது போல இருந்தாள்.

சாமி மாடத்திலிருந்து டிஸ்கை எடுத்து வந்தாள். நடுவில் பெரிய குங்குமப் பொட்டு, நான்கு மூலையிலும் மஞ்சள். இணைக்கும் முனையில் மஞ்சள் படாமல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். படவில்லை.

"அங்கல்லாம் வெப்பேனா? பல்லு மாதிரி இருந்துச்சு, உட்டுட்டேன்" என்றாள்.

இந்த முறை அவசரப்படவில்லை. முதலில் புதிய டிஸ்கோடு மட்டும் மெஷினை முழுதாகத் துவக்கினேன். பிறகுதான் பழையதைக் கேபிளில் இணைத்தேன். பட்டியலில் இரண்டு டிஸ்க். எது எது என்று பெயரை நம்பாமல் அளவைப் பார்த்தேன். சிறியது பழையது. அதன் வேலைப் பகுதியைத் திறந்தேன். டக், டக் என்றது. பாவா குனிந்து திரையைப் பார்த்தார். கோப்புப் பெயருக்கு எதிரே புதன்கிழமை என்று இருந்தது.

புதிய டிஸ்குக்கு நகலெடுத்தேன். நகலெடுத்தால் மட்டும் போதாது என்பதால் அங்கேயே திறந்தேன். தமிழ்ப் பக்கம், இடப்புறம் பெரியப்பா. தெலுங்குப் பக்கம், இடப்புறம் தாய்மாமன். அத்தைகளும் சித்தப்பாக்களும் அவரவர் இடத்தில். அந்த வாரத்தின் மற்ற வேலைகளையும் எடுத்துக்கொண்டேன். பென்டிரைவிலும் ஒரு நகல், இந்த முறை சரியான இடத்திலிருந்து.

"ஃபைலு மட்டும் வெள்ளிக்கிழமை வெளிய போகலாமா?" என்று பாவா அக்காவைச் சீண்டினார்.

"அது இங்கயும் கீது இல்ல?" என்றாள் அக்கா. "குறையலையே. குறையாதது போனா ஒண்ணுமில்ல."

எனக்கு அதற்கு மேல் ஒரு விளக்கம் தேவைப்படவில்லை. தறிகள் மறுபடி ஓட ஆரம்பித்தன. சாப்பிடாமல் போகக்கூடாது என்று சாம்பார் சாதத்தை வாழை இலையில் போட்டாள். திரும்பும்போது என் பழைய போர்வையை மடித்து என் தோளில் போட்டுவிட்டு, சிபியுவைச் சுற்ற ஒரு புது லுங்கியை எடுத்தாள். வெள்ளிக்கிழமை என்று நான் சொல்ல வாயைத் திறந்தேன். "பாவாவே கொண்டுவந்து உட்டுட்டு, லுங்கியைத் திரும்ப எடுத்துகினு வந்துடுவாரு" என்றாள்.

அப்படியே செய்தார். பெட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு திருத்தணி வரை வந்தார். எனக்கு ஜன்னலோர இடம் கொடுத்தார்.

சாயந்திரம் சம்பந்திகள் இருவரும் ஒன்றாக, ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். நான் அச்சுக்குக் கொடுத்தேன். முதல் பிரதி சூடாக வந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு படித்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் ஒரு வரியில் விரலை நிறுத்தினார்.

"ஏன் சம்பந்தி, எங்க அண்ணன் பேருக்குப் பக்கத்துல உங்க மச்சான் பேரு பார்க்க நல்லாத்தான் கீது" என்றார்.

மஞ்சளைக் குழைத்து நான்கு மூலையிலும் தடவிக் கொடுத்தேன். வெளிச்சம் இருக்கும்போதே மலைக்குப் போகக் கிளம்பினார்கள். பெண்ணின் தகப்பனார் படியில் நின்று திரும்பி, "முகம் வாடிக் கீதேம்மா, உடம்புக்கு முடியலையா?" என்றார்.

"இல்லீங்க நைனா. அக்கா வூட்டுக்குப் போயிட்டு வந்தேன்."

பாவா உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்க முடியாமல் அவருக்குப் புரையேறியது.

மறுநாள் சனிக்கிழமை அந்த டிஸ்கை அவர் பதிவுப் பெட்டியில் மாட்டினார். மாட்டும் முன் எனக்குப் போன் செய்து, "இப்ப மாட்டலாமா, நல்லா பார்த்துட்டியா?" என்று கேட்டார். ஒரு நிமிடம் என்று சொல்லி, இன்னொரு முறை எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிட்டு, மாட்டுங்க பாவா என்றேன். டிஸ்க் இன்றும் ஓடுகிறது. சத்தமும் போடுகிறது. போன மாதம் பெட்டியைத் தூசி தட்டத் திறந்தபோது மஞ்சளையும் குங்குமத்தையும் துடைக்கப் போனாராம். அக்கா துடைக்க விடவில்லை.